எய்தவனும் செய்தவனும்

(ஏலகிரி மலையில் மாணவர்களும் ஆசிரியர்களும் மரவேலை செய்வோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கீழேயிருந்து வந்தவர்கள் 14 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றித்தான் இங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள். சன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் வளைவுகளின் பெயர்ப் பலகைகளையும் படித்திருப்பீர்கள். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார், பாரதியார், பாரதிதாசன் என ஏழு பேர் பாடியவர்கள். பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன் என ஏழு பேர் கொடுத்துப் பெயர் வாங்கியவர்கள். தலைசுற்றல் இல்லாமல் மேலே வந்தவருக்குத் தமிழ் இலக்கிய வரலாற்றில் பாதி பாடம் முடிந்துவிடும்.

அந்த ஏழு வள்ளல்களில் ஓரியை மட்டும் இன்று இந்த அவைக்கு அழைத்துக்கொள்கிறேன். கொல்லிமலைத் தலைவன். வல்வில் ஓரி என்றே பெயர். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அவன் வேட்டையைச் சொல்கிறார். விட்ட அம்பு ஒன்று. அது யானையை வீழ்த்தி, புலியின் வாயைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. கேட்கும் நமக்குச் சிரிப்பு வரலாம். வில் பிடித்தவனுக்கு அதிகமாகவே வரும். ஆனால் ஒரு புலவர் இவ்வளவு பெரிதாகச் சொல்லத் துணிகிறார் என்றால், அந்தக் காலத்தில் நல்ல வில்லுக்கு இருந்த மதிப்பு எவ்வளவு என்று தெரிகிறது. பிறகு ஓரி காரியின் கையால் இறந்தான். கொன்றவனும் இறந்தவனும் இன்று ஒரே மலைப்பாதையில் ஆளுக்கொரு வளைவாக நிற்கிறார்கள்.

பாடியவர் பெயர் நமக்குத் தெரியும். எய்தவன் பெயர் தெரியும். அவனைக் கொன்றவன் பெயரும் தெரியும். அந்த வில்லைச் செய்தவர் யார்? எந்த மரத்தை, எந்த மாதத்தில் வெட்டினார்? எத்தனை நாள் காயவிட்டார்? எங்கே செதுக்கினார், எங்கே கை வைக்காமல் விட்டார்? ஒரு வரிகூடக் கிடையாது.

இன்றைய என் பேச்சு அந்தப் பெயரில்லாத ஆளைப் பற்றியது. அவர் பெயரை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் வேலையைக் கண்டுபிடிக்கலாம். ஏனென்றால் மன்னர்கள் மாறினார்கள், மொழி மாறியது, மரம் மாறவில்லை. அவர் கையில் மூங்கில் எப்படி வளைந்ததோ அப்படித்தான் இன்று உங்கள் கையிலும் வளையும். அவருக்கு எங்கே முறிந்ததோ அங்கேதான் உங்களுக்கும் முறியும். ஒரு வில்லை ஒழுங்காகச் செய்து முடிக்கிறவருக்கு அவர் அறிந்ததில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

மக்கிப்போன சான்று

வில் எவ்வளவு பழைய கருவி? தென்னாப்பிரிக்காவில் சிபுடு குகையில் கிடைத்த கல்முனைகளில் 60,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை உண்டு. அவற்றில் சில அம்பு முனைகளாக இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. இலங்கையில் பாகியன்கல குகையில் எலும்பைத் தீட்டிச் செய்த சிறு முனைகள் கிடைத்தன. ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழமை. மரத்துக்கு மரம் தாவும் குரங்கையும் அணிலையும் மழைக்காட்டில் அம்பெய்து வீழ்த்தியவர்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லுக்கு அன்றுவரை முன்வைக்கப்பட்ட சான்றுகளில் மிகப் பழையது அதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் கிடைத்தது முனை. வில் கிடைக்கவில்லை. கல் நிற்கும், எலும்பு ஓரளவு நிற்கும். மரத்தை மழையும் கரையானும் விட்டுவைக்காது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் வில் செய்தவர் தம் வேலையின் அடையாளத்தை மண்ணிடமே இழந்துவிடுகிறார்.

பனி மட்டும் சில நேரம் காப்பாற்றித் தருகிறது. ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையில், ஆல்ப்ஸ் மலையின் பனிக்குள்ளிருந்து 1991இல் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஓட்சி என்று பெயர் வைத்தார்கள். 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வில், ஏறத்தாழ 1.8 மீட்டர், யூ மரத்தில் செய்தது. ஆனால் அது முடியாத வில். நாண் மாட்டக் குதை வெட்டவில்லை. கோடரி கொத்திய தடங்கள் அப்படியே இருக்கின்றன. தூணியில் 14 அம்புகள் இருந்தன, அவற்றில் 2தான் எய்யத் தயாரானவை. அவன் தோளில் வேறொருவர் எய்த அம்பின் முனை தைத்திருந்தது.

தொழில் தெரிந்தவருக்கு முடிந்த வில்லைவிட முடியாத வில் அதிகம் சொல்லும். முடிந்த வில்லில் வழவழப்புதான் தெரியும். முடியாததில் முதலில் எங்கே வெட்டினார், எதைக் கடைசிக்கு ஒத்திவைத்தார் என்ற வேலையின் வரிசை தெரியும்.

நம் வட்டாரத்துக் கற்கள்

நம் ஊரில் பனி இல்லை, கல் இருக்கிறது. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் என்று இந்த வட்டாரம் முழுவதும் நடுகற்கள். ஆநிரை கவர்ந்தவரோடும் மீட்டவரோடும் சண்டையிட்டு இறந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள். செங்கம் பகுதிக் கற்களில் அடிக்கடி பார்க்கும் உருவம், இடது கையில் வில்லும் வலது கையில் வாளுமாக ஓர் ஆள். அரசன் பெயர், ஆட்சியாண்டு, இறந்தவன் பெயர் எல்லாம் எழுத்தில் இருக்கும்.

செங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தனூர் நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. வீரன் இறந்தபின் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோவிவன். நாயைப் பெயர் சொல்லி நினைத்த அந்த ஊர்க்காரர்களை நான் வணங்குகிறேன். அதே கல்லில் வில் செய்தவருக்கு ஓர் எழுத்து இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சங்கப் புலவர்களில் தொழிலாளியைக் கவனித்த கண் ஔவையாருக்கு இருந்தது. தொண்டைமானின் படைக்கொட்டிலுக்குத் தூது போனவர், அங்கே நெய் பூசி, மாலை சூட்டி, அழகாக அடுக்கி வைத்த வேல்களைப் பார்க்கிறார். எங்கள் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று குத்துகிறார். புறநானூறு 95. இன்னொரு பாட்டில், 87இல், ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிடுகிறார். அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அந்தத் தச்சர் நம் பக்கத்து ஊர்க்காரர். பெயர் இல்லை, ஆனால் அவர் வேலையின் நிதானம் பதிவாகியிருக்கிறது. நமக்கு வேண்டிய துப்பு அதுதான். வேகமாகச் செய்யத் தெரிந்தவர் ஒரு பொருளுக்காக மட்டும் மெதுவாக உட்காருகிறார்.

இந்த மலைத்தொடரின் மக்களைப் பற்றிய கதையிலும் வில் மணக்கிறது. வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டை 1881இல் ஆர்தர் காக்ஸ் தொகுத்தார். 1895இல் ஹெரால்ட் ஸ்டூவர்ட் திருத்தினார். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் சொன்ன கதை அதில் வருகிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டதும், ஏழு பெண்களைத் தூக்கிப் போகிறார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் கடந்துவிட, நாய்கள் பாதியில் திரும்பிவிடுகின்றன. நாய் தனியே வந்தால் நாங்கள் இறந்துவிட்டதாக எண்ணுங்கள் என்று சொல்லிப் போயிருந்ததால், ஊரில் கருமாதி நடந்துவிடுகிறது. வேடரை வென்று திரும்பியவர்களுக்கு வீட்டில் இடமில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து மலையேறினார்கள் என்று கதை முடிகிறது. கங்குந்தி, இங்கிருந்து தொலைவில்லாத குப்பம் பகுதியில் இருக்கிறது. வேளாண்மை ஒரு வழியாகவும் வேட்டை ஒரு வழியாகவும் வந்து கலந்த மலைகள் இவை என்பதை அந்தக் கதை தன் பாணியில் சொல்கிறது.

மலையும் அடிவாரமும் தரும் பொருள்கள்

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரச் சுவடியை மைசூரில் சாமசாஸ்திரி கண்டெடுத்து 1909இல் அச்சிட்டார். அதில் படைக்கலச் சாலைத் தலைவனின் பொறுப்புகளில் வில்லுக்கான பொருள்கள் வருகின்றன. பனை, மூங்கில், மரம், கொம்பு. நாணுக்கு மருள், எருக்கு, சணப்பு, மூங்கில் நார், விலங்கின் நரம்பு முதலியவை. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து இந்த மலைக்கு நடந்து வாருங்கள். பாதிப் பொருள் சாலையோரத்தில் நிற்கும்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட காடுகளில் வளர்வது கல் மூங்கில். உள்ளே பொந்து மிகக் குறைவு, சில கழிகளில் இல்லவே இல்லை. ஏணிக்கும் தடிக்கும் தேடுவது இதைத்தான். மரங்களில் தடசு. இழுவைக்கும் வளைவுக்கும் பெயர் போன மரம். காவடித் தண்டும் வண்டிப் பாகமும் கருவிக் காம்பும் செய்ய ஆசாரிகள் தேடியது. பழைய வனவியல் நூல்கள் வில்லுக்கும் உரிய மரமாக அதைக் குறிக்கின்றன.

நாணுக்கு மருள். கற்றாழை போல நீண்டு, பட்டை பட்டையாகக் கோடு போட்ட இலை. ஆங்கிலேயர் இதன் நாரை வில்நாண் சணல் என்றே அழைத்தார்கள். பூசத் தேன்மெழுகு. அதை மலைக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடிவாரத்து நண்பர்கள் தோலைப் பற்றிக் கேட்பீர்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலால் வாழும் ஊர்கள். குரோம் வருவதற்கு முன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதப்படுத்தின. ஜவ்வாது மலைக் கடுக்காய்க்குத் தனிப் பெயர் உண்டு. அதனால் மலைக்கும் தோல் தொட்டிக்கும் உறவு பழையது. ஆனால் பதனிட்ட தோலை நாணாக்க முடியாது, இழுத்தால் நீளும். நாணுக்கு வேண்டியது பதனிடாத பச்சைத் தோல். மயிர் நீக்கி, சன்ன வாராக அறுத்து, ஈரத்தில் முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் கம்பி போல் விறைக்கும். ஒரே குறை, மழை ஈரம் பட்டால் தளர்ந்துவிடும். பட்டை போட்டுப் பதனிட்ட தோலுக்கு வேறு வேலை இருக்கிறது. நாண் அடிபடாமல் முன்கைக்குக் காப்பு, விரலுக்கு உறை, அம்புக்குத் தூணி. தோல் கழிவிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரப் பசையைத் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். ஆக ஒரு வில்லுக்கு வேண்டிய எல்லாம் இந்த மலைக்கும் பாலாற்றுக்கும் நடுவிலேயே கிடைத்தது.

செய்முறை

இனி வேலைக்கு வருவோம். மூங்கிலில் செய்யும் எளிய வில்லை முதலில் சொல்கிறேன்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட கழியாகப் பாருங்கள். இளங்கழி பச்சைப் பளபளப்போடு ஆசை காட்டும், காய்ந்ததும் சுருங்கிக் கோணும். மழைக்காலம் முடிந்து வறட்சி தொடங்கிய பிறகு வெட்டுங்கள். தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள் பெரியவர்கள். வறண்ட பருவம் என்பதற்குக் காரணம் தெளிவு. துளிர்க்கும் காலத்தில் கழிக்குள் மாவுச்சத்து மிகுந்திருக்கும். பொடி வண்டு தின்பது அந்த மாவைத்தான். வெட்டிய கழியை ஊரணித் தண்ணீரில் சில வாரம் ஊறப்போடும் பழக்கமும் அந்த மாவைக் கரைக்கத்தான்.

பிறகு நிழலில் காயவேண்டும். வெயிலில் போட்டால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும். மரமாக இருந்தால் இரண்டு முனையிலும் சாணமோ மெழுகோ பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். அடுப்புப் புகை படும் பரணில் மாதக்கணக்கில் கிடந்த கழி வில்லுக்கு அருமையானது. காயாத மரத்தில் செய்த வில் முறியாது. அதைவிட மோசமாக, வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும்.

அளவு. அம்பை எவ்வளவு பின்னால் இழுக்கிறீர்களோ அதைப்போல் இரண்டு மடங்கு நீளம், அதோடு பிடிக்கு இடம். 26 அங்குலம் இழுப்பவருக்கு ஐந்தரை அடி வில் பாதுகாப்பானது. முதல் வில் நீளமாகவும் அகலமாகவும் இருக்கட்டும். குட்டை வில்லில் அதே இழுப்புக்கு மரம் அதிகமாக வளைய வேண்டியிருக்கும், முறிவு விரைவில் வரும்.

இப்போது வில்லின் இரண்டு முகங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். எய்பவரைப் பார்க்கும் உள்முகம், இலக்கைப் பார்க்கும் வெளிமுகம். இழுக்கும்போது வெளிமுகத்து நார்கள் நீளப் பார்க்கின்றன, உள்முகத்து நார்கள் நசுங்குகின்றன. நசுங்கும் நார் கொஞ்சம் பொறுக்கும். நீளும் நார் ஒன்று அறுந்திருந்தாலும் அங்கிருந்து சிலாம்பு கிளம்பி வில் இரண்டாகிவிடும். எனவே முதல் விதி, வெளிமுகத்தில் உளி படக்கூடாது. மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது தோலை ஒட்டித்தான். கழியை நெட்டுக்குப் பிளந்து, தோல்பக்கத்தை வெளிமுகமாக வைத்து, உள்பக்கத்தில் மட்டும் செதுக்குவது என் வழக்கம்.

மரத்தில் செய்தால்? மேலைநாட்டு நூல்கள் ஆண்டு வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதை வெட்டாமல் போகச் சொல்லும். குளிர்நாட்டு மரத்தில் வளையம் தெளிவாகத் தெரியும். நம் மரங்கள் பலவற்றில் வளையம் மங்கல். அதற்கு எளிய வழி, கை பிடிக்கும் பருமனில் நேரான இளமரத்தை எடுத்து, மரப்பட்டையை மட்டும் உரித்து, அடியில் வெளிப்படும் மேற்பரப்பை அப்படியே வெளிமுகமாக விடுவது. இயற்கை தானே கொடுத்த முழு வளையம் அது. மரத்தை வாளால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளக்கவும். வாள் நேராகப் போகும், பிளவு நாரோடு போகும். மரம் கொஞ்சம் கோணலாகப் பிளந்தால் வில்லும் கொஞ்சம் கோணலாக இருக்கட்டும். கணு வந்தால் அதைச் சுற்றி மரத்தைக் கூடுதலாக விட்டுவிடுங்கள்.

வாச்சியால் உருவம் எடுத்தாயிற்று. பிடி தடித்து, முனை நோக்கிச் சன்னமாகி, இரு முனையிலும் குதை வெட்டியாயிற்று. பார்க்க வில் மாதிரி இருக்கும். ஆனால் இது இன்னும் வெறும் குச்சிதான். வில்லாவது இதற்குப் பிறகு.

இரு கையும் ஒரே மாதிரி வளைய வேண்டும், ஒவ்வொரு கையும் தன் நீளம் முழுக்க வளைய வேண்டும். இதுதான் வேலையின் உயிர். சுவரில் ஒரு முளை அடித்து, வில்லின் பிடியை அதில் தாங்கவைத்து, தளர்நாண் கட்டி, கயிற்றால் கீழே கொஞ்சம் இழுத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஓரிடம் விறைப்பாக நிற்கும், ஓரிடம் மடங்கும். விறைத்த இடத்தில் உள்முகத்தைச் சுரண்டுங்கள். மடங்கும் இடத்தின் பக்கமே போகாதீர்கள். சுரண்டியபின் முப்பது முறை மெல்ல இழுத்து விடுங்கள். அப்போதுதான் மரம் தன் புதிய நிலையைக் காட்டும். பிறகு மறுபடி பாருங்கள். இழுப்பைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். சர்க்கரைப் பாகில் பதம் பார்க்கிற மாதிரி, தாண்டிவிட்டால் திரும்ப முடியாது.

ஏன் இவ்வளவு பயம் என்று இயற்பியல் படிக்கும் மாணவர்கள் கேட்பார்கள். கணக்கு எளிது. வில்லின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதம். அகலத்தில் பத்தில் ஒன்று குறைத்தால் விறைப்பிலும் பத்தில் ஒன்று குறையும். கனத்துக்கோ அது மும்மடி. 20 மில்லிமீட்டர் கனத்தில் 2 மில்லிமீட்டர் எடுத்துவிட்டால் 0.9 பெருக்கல் 0.9 பெருக்கல் 0.9, அதாவது 0.73. கால்வாசிக்கு மேல் வலு போய்விட்டது. அதனால்தான் கடைசிக் கட்டத்தில் உளியைக் கீழே வைத்துவிட்டு உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுகிறோம். மும்மடி என்ற சொல் தெரியாத பழைய ஆள் இந்த விதியை விரல் நுனியில் அறிந்திருந்தார். தெரியாதவரின் வில் முறிந்திருக்கும்.

உள்முகத்தில் குறுக்கே மயிரிழை போலக் கோடுகள் தெரிந்தால், அங்கே நார் நசுங்கத் தொடங்கிவிட்டது. அதற்கு அக்கம்பக்கத்தைச் சுரண்டி, சுமையைப் பகிர்ந்துகொடுங்கள். முடிந்த வில்லை நாண் ஏற்றியே வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் நாணைக் கழற்றுங்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய ஆற்றல் முழுக்க மரத்திலேயே திரும்பி அடிக்கும், நல்ல வில்லும் சிதறும்.

அந்த ஆற்றல் எவ்வளவு? 18 கிலோ இழுவிசையுள்ள வில்லை அரை மீட்டர் இழுத்தால் தோராயமாக 44 ஜூல் சேர்கிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் அம்புக்குப் போகிறது. 26 கிராம் அம்பு விநாடிக்கு 40 மீட்டருக்கு மேல் பாயும். தோட்டத்தில் விளையாடுகிற பொருள் இல்லை இது. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் யாரும் எய்யக்கூடாது.

நாண் திரிப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருள் இலையைப் பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் வழித்தால் சதை போய் வெள்ளை நார் நிற்கும். கழுவி உலர்த்தி, தொடையில் வைத்து ஒரு பக்கம் முறுக்கி, இரண்டு புரியை எதிர்ப்பக்கமாகச் சேர்த்து முறுக்குங்கள். எதிரெதிர் முறுக்குதான் நாணைப் பிரியாமல் காக்கிறது. தேன்மெழுகு தேயுங்கள். அம்புக்குச் சன்ன மூங்கிலைத் தணலில் காட்டிச் சூடாக இருக்கும்போதே நிமிர்த்தி, வான்கோழி இறகு மூன்றை ஒட்டிக் கட்டினால் போதும்.

கைவிட்டுப் போனதும் கைக்கு வரவேண்டியதும்

துப்பாக்கி வந்ததும் வில் ஒரேயடியாகத் தோற்றுவிடவில்லை. 1802 அக்டோபரில் வயநாட்டுப் பனமரம் கோட்டையை எடச்சேன குங்கனும் தலக்கல் சந்துவும் குறிச்சியர் வில்லாளிகளோடு சென்று கம்பெனிப் படையிடமிருந்து பிடித்தார்கள். பழசிராஜாவின் போரில் அது பெரிய நிகழ்ச்சி. ஆனாலும் போர்க்களத்தில் வில்லின் காலம் முடிந்தது. 1882இன் சென்னை வனச் சட்டம் காட்டை வேலிக்குள் கொண்டுவந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. வேட்டை நின்றது சரியே. இந்த மலையில் இனி ஒரு முயலின் மேலும் அம்பு படக்கூடாது. நான் கேட்பது, தொழிலும் அதோடு சேர்ந்து சாக வேண்டுமா என்பதே.

இரண்டு பதிவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 1911இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், யாகி இனத்தில் எஞ்சியிருந்த ஒரே மனிதர் காட்டிலிருந்து வெளியே வந்தார். இஷி என்று அழைத்தார்கள். பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவருக்கு நண்பரானார். பக்கத்தில் உட்கார்ந்து வில் செய்யவும் எய்யவும் கற்றார். இஷி 1916இல் இறந்தார். போப் 1923இல் எழுதிய நூல் வழியாக அந்தக் கை வேலை உலகம் முழுக்கப் பரவி, இன்றும் ஆயிரக்கணக்கானோர் மரவில் செய்கிறார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், 1909இல், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பெரிய உழைப்பு, அதில் நன்றி சொல்ல நிறைய உண்டு. ஆனால் அவர் அளவுகோல் மக்களின் மூக்கைத் தேடிப் போன அளவுக்கு அவர்கள் கையைத் தேடிப் போகவில்லை. போப் மாணவனாக உட்கார்ந்தார். தர்ஸ்டன் அதிகாரியாக நின்றார். வித்தியாசம் அங்கேதான்.

நாம் எப்படி உட்காரப் போகிறோம்? மாணவர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். உங்கள் தாத்தா பாட்டியிடம் போய் வில்லைப் பற்றி நேராகக் கேட்காதீர்கள், பதில் வராது. கோடரிக்குக் காம்பு எந்த மரத்தில் போட்டீர்கள், கூடைக்குப் பிளாச்சு எந்த மாதம் கிழித்தீர்கள், சின்ன வயதில் உண்டிவில் எதில் செய்தீர்கள் என்று கேளுங்கள். எந்த மரம் வளையும், எது ஒடியும் என்ற அறிவு அந்தப் பொருள்களில் ஒளிந்திருக்கிறது. கைபேசியில் பதிவு செய்யுங்கள், சொன்னவரின் பெயரோடு.

காப்புக்காட்டில் ஒரு கழியும் வெட்ட வேண்டாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூலில் சேர்த்துப் பழங்குடியினருக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமை உள்ளவர்கள் கிராம சபை வழியாகப் பயன்படுத்தட்டும். மற்றவர்கள் பட்டா நிலத்தின் வரப்பிலும் பள்ளி வேலியோரத்திலும் கல் மூங்கிலும் தடசும் நடுங்கள்.

செய்த வில் சுவரில் தொங்கவும் வேண்டாம். நம் தேசிய வில்வித்தைப் போட்டிகளில் இந்தியச் சுற்று என்று ஒரு பிரிவு உண்டு. மூங்கில், மர வில்லால் 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் எய்வது. விலை உயர்ந்த வெளிநாட்டு வில் வாங்க முடியாத பிள்ளைகள் நுழையும் வாசல் அது. ராஜஸ்தானில் மூங்கில் வில்லோடு காட்டில் வளர்ந்த பழங்குடிச் சிறுவன் லிம்பா ராம், 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் உலக சாதனையைச் சமன் செய்தார். ஏலகிரியிலிருந்தும் ஜவ்வாதிலிருந்தும் ஒரு பிள்ளை அந்தக் கோட்டில் போய் நிற்கலாம், தன் ஊர் வில்லோடு. அந்த வில்லின் பிடிக்கு மேலே, உள்முகத்தில், செய்தவர் பெயரைச் சுட்டு எழுதுங்கள். எய்கிறவர் இழுக்கும்போதெல்லாம் அது அவர் கண்ணில் படட்டும்.

பேசியது போதும். பக்கத்துத் திண்ணையில் பாதி செதுக்கிய வில் ஒன்று முளையில் மாட்டியிருக்கிறது. மேல்கையில் ஓரிடம் வேண்டுமென்றே விறைப்பாக விட்டு வைத்திருக்கிறேன். வந்து கயிற்றை இழுத்து, அது எந்த இடம் என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்தவர் கையில் கண்ணாடிச் சில்லைக் கொடுக்கிறேன். தச்சுவேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும். கேள்விகளை அங்கேயே கேட்கலாம்.